எண் சரி, சத்தம் எங்கே? வீட்டு சிமுலேட்டரில் காக்பிட் ரேடியோ டியூன் செய்வது

கேள்வி சுருக்கமாக: "சான் ஃபிரான்சிஸ்கோவில் செஸ்னா 172 ஓட்டிப் பழகுகிறேன். டவர் அலைவரிசையை வைத்தும் சத்தம் வருவதில்லை. வி.ஓ.ஆர் (தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையம்) எண் வைத்தால் ஊசி அசைவதில்லை. மவுஸால் குமிழைத் திருகினால் எண் எங்கேயோ ஓடிவிடுகிறது. ஐரோப்பாவுக்குப் போனால் மூன்றாவது தசமம் வரவே மாட்டேன் என்கிறது. ரேடியோ பேனல் ஒன்று வாங்கிவிடலாமா, நானே செய்துகொள்ளலாமா?"

பேனல் வாங்கினால் இதில் மூன்றாவது குறை மட்டும்தான் தீரும். மற்ற மூன்றும் பேனல் வந்த பிறகும் அப்படியே இருக்கும். அதனால் அவற்றை முதலில் பார்ப்போம்.

சத்தம் வராததற்குக் காரணம் தேடும்போது மின்சாரம் போகும் வழியிலேயே போக வேண்டும்: பேட்டரி, ஏவியானிக்ஸ் (மின்னணுக் கருவிகள்) சுவிட்ச், ரேடியோவின் சொந்தச் சுவிட்ச், ஆக்டிவ் எண், ஆடியோ பேனல், ஒலியளவு. செஸ்னா 172-இல் மாஸ்டர் சுவிட்சைப் போட்டால் மட்டும் ரேடியோ எரியாது. ஏவியானிக்ஸ் சுவிட்சும் வேண்டும். புதிய 172 எஸ் ரகத்தில் அது பஸ் 1, பஸ் 2 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்றை மட்டும் போட்டால் கருவிகளில் ஒரு பங்கு இருட்டாகவே கிடக்கும். பழைய பெண்டிக்ஸ் கிங் கே.எக்ஸ் 155 ரேடியோவில் ஒலியளவுக் குமிழே ஆன்-ஆஃப் சுவிட்சும்கூட. இடது ஓரத்துக்குத் திருகினால் பெட்டி அணைந்துவிடும். இன்னொன்று: எஞ்சினை இயக்காமல் பேட்டரியிலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு அரைமணி நேரம் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தால், நன்றாக உருவாக்கிய விமான மாடல்களில் பேட்டரி இறங்கி ரேடியோ தானாகவே அணைந்துபோகும். அது கோளாறு இல்லை. நிஜ விமானமும் அதைத்தான் செய்யும்.

அடுத்தது, புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் வழுக்கும் இடம். காக்பிட் ரேடியோவில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று ஆக்டிவ், மற்றது ஸ்டாண்ட்பை. குமிழைத் திருகினால் மாறுவது ஸ்டாண்ட்பை மட்டும். காது கேட்பது ஆக்டிவ் எண்ணை. நடுவில் இருக்கும் இருதலை அம்புப் பொத்தானை அழுத்தினால்தான் இரண்டும் இடம் மாறும். கே.எக்ஸ் 155-இல் இடப்பக்க எண் ஆக்டிவ், வலப்பக்கம் ஸ்டாண்ட்பை. புதிய காக்பிட்டில் வரும் கார்மின் ஜி1000 திரையில் காம் (பேச்சு ரேடியோ) எண்கள் மேல் வலது மூலையில் இருக்கும். அங்கே ஆக்டிவ் உள்பக்கமும் ஸ்டாண்ட்பை வெளிப்பக்கமும் உட்கார்ந்திருக்கும், ஸ்டாண்ட்பையைச் சுற்றி வெளிர்நீலக் கட்டம் தெரியும். அந்தக் கட்டம் காம் 1-இல் இருக்கிறதா காம் 2-இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். சின்னக் குமிழை அழுத்தினால் கட்டம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். மவுஸில் குமிழைத் தெரியாமல் க்ளிக் செய்து, காம் 2-ஐ டியூன் செய்துகொண்டே காம் 1 பேசவில்லை என்று தேடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற ஒன்று. அதே ஜி1000-இல் இருதலை அம்பை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அவசர அலைவரிசை 121.500 நேராக ஆக்டிவுக்கு வந்துவிடும். "என் எண் காணாமல் போய் 121.5 வந்து நிற்கிறது" என்று சொல்பவர்கள் மவுஸ் பொத்தானைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்திருப்பார்கள்.

ஆடியோ பேனலில் மைக் 1, மைக் 2 என்பது நீங்கள் எதில் பேசுகிறீர்கள் என்பது. காம் 1, காம் 2 பொத்தான்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பது. இவை தனித்தனி. மைக் 1-ஐத் தேர்ந்தெடுத்தால் காம் 1 தானாகவே கேட்கும். காம் 2-ஐயும் கூடவே கேட்க வேண்டுமென்றால் அதன் பொத்தானைத் தனியாகப் போட வேண்டும். வாட்சிம் போன்ற இணைய வலையமைப்புகளில் பறக்கும்போது, குரல் எந்த எண்ணில் போக வேண்டும் என்பதை இணைப்பு மென்பொருள் இந்தத் தேர்வைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. காம் 1-இல் எண் சரியாக இருந்து, மைக் தேர்வு காம் 2-இல் நின்றால், கட்டுப்பாட்டாளர் உங்களைக் கேட்கமாட்டார். அங்கே கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லாத நேரத்தில் பொது அலைவரிசை 122.800.

சோதனைக்கு டவரை வைக்காதீர்கள். டவர் பேசினால்தான் பேசும். நீங்கள் தனியாகப் பறக்கும்போது அது மௌனமாக இருப்பதே இயல்பு. ஏடிஸ் எனப்படும் பதிவு செய்த வானிலை அறிவிப்பு ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் அது 118.850. அது கேட்டால் மின்சாரம், ஆக்டிவ், ஆடியோ பேனல், ஒலியளவு ஆகிய நான்கும் ஒரே அடியில் சரி என்று தெரிந்துவிடும். பிறகு கிரவுண்ட் 121.800, டவர் 120.500 என்று போகலாம். ஏடிஸும் கேட்கவில்லை என்றால் சிமுலேட்டரின் ஒலி அமைப்பில் ஏ.டி.சி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) குரலுக்கான தனி அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது 118.850-ஐ வைக்கும் விதத்தையே பார்ப்போம், எண் ஓடிப்போகிற பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. பெரிய குமிழ் மெகாஹெர்ட்ஸை மாற்றும்: 118, 119, 120 என்று 136 வரை, அதற்கு மேல் ஒரு க்ளிக் போனால் மறுபடி 118. சின்னக் குமிழ் தசமத்தை மட்டும் மாற்றும். நிஜ ரேடியோக்களில் சின்னக் குமிழ் .975-ஐத் தாண்டினால் .000-க்குச் சுற்றி வரும், மெகாஹெர்ட்ஸ் எண்ணைத் தொடாது. ஆகவே 118.000-இல் நின்றுகொண்டு 118.850 வேண்டுமென்றால் வலப்பக்கம் 34 க்ளிக் திருகத் தேவையில்லை. இடப்பக்கம் ஒரு க்ளிக் .975, அடுத்தது .950, இப்படி ஆறாவது க்ளிக்கில் .850 வந்து நிற்கும். இந்தச் சுற்று தெரியாமல் ஒரே பக்கமாகச் சக்கரத்தை உருட்டுவதால்தான் எண் கைக்கு அடங்காமல் போகிறது.

மவுஸ் தாவுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்குமிழும் வெளிக்குமிழும் ஒரே அச்சில் இருப்பதால், கர்சர் எந்த வளையத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்து எண்ணின் முன்பகுதியோ பின்பகுதியோ மாறும். கர்சர் குமிழை விட்டு ஒரு இம்மி விலகினாலும் அதே சக்கரம் காட்சியை ஜூம் செய்துவிடும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் காக்பிட் கட்டுப்பாட்டு முறையை லாக், லெகசி என்ற இரண்டில் தேர்வு செய்யலாம். ரேடியோவுக்கு லெகசிதான் வசதி, கர்சரை வைத்து உருட்டினால் போதும். ரேடியோவை நேராகப் பார்க்கும் ஒரு கேமரா காட்சியைச் சேமித்து ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும். ஏ.டி.சி பட்டியலில் "டவரை டியூன் செய்" என்று க்ளிக் செய்யும் குறுக்குவழியும் இருக்கிறது. அவசரத்துக்குப் பரவாயில்லை, அதையே பழக்கமாக்கிக்கொண்டால் ரேடியோ எந்தக் காலத்திலும் கைவராது.

கே.எக்ஸ் 155 உள்ள பழைய காக்பிட்டில் இன்னொரு சூட்சுமம். சின்னக் குமிழ் உள்ளே தள்ளியிருக்கும்போது ஒரு க்ளிக்குக்கு 50 கிலோஹெர்ட்ஸ் நகரும். வெளியே இழுத்தால்தான் 25 கிலோஹெர்ட்ஸ். அதாவது 118.025, 118.075 போன்ற எண்களைக் குமிழை இழுக்காமல் எட்டவே முடியாது. அந்த ரேடியோ இரண்டு தசமம்தான் காட்டும் என்பதால் 118.025 என்பது 118.02 என்றும், 118.075 என்பது 118.07 என்றும் தெரியும். கடைசி 5 மறைந்திருக்கிறது, தொலையவில்லை. சிமுலேட்டரில் குமிழின் நடுவே க்ளிக் செய்தால் அது வெளியே வருமா என்பது அந்த விமானத்தைச் செய்தவரின் சிரத்தையைப் பொறுத்தது.

ஐரோப்பாவின் மூன்றாவது தசமம் இதிலிருந்து வேறானது. காம் அலைவரிசைகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தன. ஐரோப்பிய வான்வெளி நெரிசலில் அது போதாமல் போய், ஒவ்வொரு 25-ஐயும் மூன்றாக வெட்டி 8.33 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினார்கள். 1999-இல் 24,500 அடிக்கு மேல், 2007-இல் 19,500 அடிக்கு மேல் என்று இறங்கிவந்து, 2018 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சின்ன விமானங்களுக்கும் இது கட்டாயம் என்றானது.

இதில் குழப்புவது, திரையில் தெரிவது அலைவரிசை இல்லை, சேனலின் பெயர். 132.000 என்றால் 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனல். 132.005 என்றாலும் உண்மையான அலைவரிசை அதே 132.000 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் குறுகிய 8.33 அகலம் என்று பொருள். 132.010 என்பது 132.0083, 132.015 என்பது 132.0167. அடுத்து 132.025 மறுபடி அகலச் சேனல், 132.030 அதே இடத்தில் குறுகிய சேனல். இந்தக் கணக்கில் 20, 45, 70, 95 என்று முடியும் பெயர்களே கிடையாது. உங்கள் எண் அவற்றில் முடிகிறது என்றால் யாரோ கடைசி 5-ஐ விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள், அல்லது எழுத்துப்பிழை.

ஆகவே உங்கள் ரேடியோ 25 கிலோஹெர்ட்ஸ் நிலையில் இருந்தால் 132.010 வராது, எத்தனை முறை சுற்றினாலும் வராது. ஜி1000-இல் ஆக்ஸ் பக்கங்களில் சிஸ்டம் செட்டப்புக்குப் போனால் காம் சேனல் இடைவெளி 25.0 அல்லது 8.33 என்று மாற்றலாம். அமெரிக்காவில் பறக்கும்போது 25-லேயே வைத்திருங்கள். காரணம் எளிய கணக்கு: 25 நிலையில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குள் 40 படிகள். 8.33 நிலையில் ஒவ்வொரு 25-க்கும் நான்கு பெயர்கள் என்பதால் 160 படிகள். ஒரு சுற்றுக்கு 20 க்ளிக் தரும் சாதாரண என்கோடரில் (குமிழின் திருகலைக் க்ளிக்குகளாக மாற்றும் பாகம்) அது எட்டு முழுச் சுற்று. குமிழ் ஜவ்வு மாதிரி இழுக்கிறது என்று தோன்றினால் முதலில் இந்த அமைப்பைப் பாருங்கள்.

இனி நேவ், அதாவது வழிகாட்டி ரேடியோவின் பக்கம். நேவ் ரேடியோவின் பட்டை 108.00 முதல் 117.95 வரை, 50 கிலோஹெர்ட்ஸ் படிகள். இதில் 112-க்குக் கீழே, தசமத்தின் முதல் எண் ஒற்றைப்படையாக இருந்தால் (108.10, 109.55, 111.70) அது ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ் லோக்கலைசர். இரட்டைப்படையாக இருந்தால் வி.ஓ.ஆர். 112-க்கு மேல் எல்லாம் வி.ஓ.ஆர்தான். எண்ணைப் பார்த்ததுமே இது எந்த ஜாதி என்று சொல்லிவிடலாம்.

சான் ஃபிரான்சிஸ்கோ வி.ஓ.ஆர் 115.80. விமான நிலையத்துக்குள்ளேயே இருப்பதால் தரையில் நின்றபடியே சோதித்துக்கொள்ளலாம். நேவ் 1-இல் 115.80 வைத்து, ஆக்டிவுக்கு மாற்றி, ஆடியோ பேனலில் நேவ் 1-ஐ அழுத்துங்கள். மோர்ஸ் கேட்கும்: டிட் டிட் டிட், டிட் டிட் டா டிட், டா டா டா. அது எஸ், எஃப், ஓ. கேட்டால்தான் நிலையம் பிடித்தது என்று பொருள். எண் சரியாகத் தெரிவது போதாது. ஜி1000 இந்த அடையாள எழுத்துகளைத் தானே படித்து எண்ணின் பக்கத்தில் காட்டிவிடும். பழைய காக்பிட்டில் காதுதான் கருவி.

மோர்ஸ் கேட்கிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை குற்றவாளி ஜி.பி.எஸ். ஊசிக்கு உத்தரவு கொடுப்பது ஜி.பி.எஸ்ஸா நேவ் ரேடியோவா என்று தேர்வு செய்யும் பொத்தான் ஒன்று உண்டு. கார்மின் 430, 530-இல் சி.டி.ஐ என்ற பொத்தான். அழுத்தினால் திரையின் கீழே ஜி.பி.எஸ், வி-லாக் என்று மாறும். ஜி1000-இல் அதே பெயருள்ள பொத்தான் திரைக்குக் கீழே இருக்கும்; ஊசி ஊதாச் சிவப்பாக இருந்தால் ஜி.பி.எஸ், பச்சையாக இருந்தால் நேவ் ரேடியோ. ஊசி பச்சையாகும் வரை நீங்கள் 115.80 வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். கார்மின் 430-இல் கூடுதலாக ஒரு பொறி: இடப்பக்கக் குமிழ் காமுக்கும் நேவுக்கும் பொது. சின்னக் குமிழை அழுத்தினால் நேவுக்குப் போகும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தானாகவே காமுக்குத் திரும்பிவிடும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து திருகினால் காம் எண் கெட்டுப்போகும்.

தரையில் நின்றுகொண்டு 60 கடல்மைல் தள்ளியிருக்கும் வி.ஓ.ஆரைப் பிடிக்க முயல்வதும் வீண். இந்த அலைகள் நேர்கோட்டில் போகும். தோராயக் கணக்கு: உயரத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.23-ஆல் பெருக்கினால் கடல்மைலில் எட்டும் தூரம். 1,000 அடியில் சுமார் 39, 3,000 அடியில் சுமார் 67. சில வி.ஓ.ஆர்கள் விமான நிலையத்தைச் சுற்றி 25 கடல்மைலுக்கே உத்தரவாதம் தருபவை. லோக்கலைசருக்கு ஓடுபாதைக் கோட்டின் இருபுறமும் 10 டிகிரிக்குள் 18 கடல்மைல், இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப்புக்கு 10 கடல்மைல். அதற்கு வெளியே சிவப்புக் கொடி தெரிவதே முறை.

மோர்ஸ் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதே ஊரில் நல்ல உதாரணம் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் 28 இடது, 28 வலது ஓடுபாதைகளின் மையக்கோடுகளுக்கு நடுவே வெறும் 750 அடி. இரண்டுக்கும் இறங்கு திசை ஒன்றேதான், 284 டிகிரி. 28 வலதுக்கு ஐ.எல்.எஸ் 111.70, அடையாளம் ஐ-ஜி-டபிள்யூ-க்யூ. 28 இடதுக்கு 109.55, அடையாளம் ஐ-எஸ்-எஃப்-ஓ. எண்ணை மாற்றி வைத்துவிட்டால் ஊசி அழகாக நடுவில் வந்து நிற்கும், கிளைட்ஸ்லோப்பும் இறங்கும், திசையும் சரியாக இருக்கும். நீங்கள் பக்கத்து ஓடுபாதையில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். கருவிகளில் ஒன்றுகூடத் தப்பு என்று சொல்லாது. மோர்ஸ் மட்டும் சொல்லும். லண்டன் ஹீத்ரோவில் இன்னும் ஒரு படி மேல்: 27 வலதுக்கும் அதன் மறுமுனையான 09 இடதுக்கும் ஒரே 110.30. இரண்டையும் பிரிப்பது அடையாள எழுத்துகள் மட்டுமே.

ஐ.எல்.எஸ் வைத்திருக்கும்போது ஓ.பி.எஸ் (திசை வைக்கும்) குமிழைத் திருகி ஊசியை நகர்த்த முயலாதீர்கள், நகராது. லோக்கலைசர் ஊசி விமானம் இருக்கும் இடத்தை மட்டும் பார்க்கும். ஆனாலும் 284-ஐ அங்கே வைத்துவிடுவது நல்லது, கண்ணுக்கு நினைவூட்டலாக இருக்கும். ஜி1000 போல ஊசியே திசைகாட்டிமேல் சுழலும் கருவியில் அது அவசியமே.

வரைபடத்தில் உள்ள எண் சிமுலேட்டரில் இல்லவே இல்லை என்ற நிலையும் வரும். நிஜ உலகில் வழிகாட்டித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது; அமெரிக்காவில் வி.ஓ.ஆர்களைக் கணிசமாக மூடியும் வருகிறார்கள். 2006-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்.எஸ்.எக்ஸில் அந்தக் காலத்துத் தரவுதான் இருக்கிறது. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அதில் தேடினால் கிடைக்காது. சிமுலேட்டரின் உள் வரைபடத்தில் அந்த நிலையத்தை க்ளிக் செய்து என்ன எண் என்று பார்ப்பதே சுருக்கமான வழி.

மற்ற பெட்டிகளை வேகமாக முடித்துவிடலாம். நிலையத்துக்கான தூரம் காட்டும் டி.எம்.இ பெட்டியில் ஆர்.எம்.டி என்ற நிலை இருந்தால் அது நேவ் ரேடியோவின் எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும்; ஃப்ரீக் நிலையில் இருந்தால் தனக்கென்று வைத்த எண்ணையே பார்க்கும். தூரம் மாறாமல் நிற்கிறது என்றால் ஹோல்டில் விட்டிருப்பீர்கள். நிலையம் இருக்கும் பக்கத்தைக் காட்டும் ஏ.டி.எஃப்-இல் ஊசி 90 டிகிரியில் உறைந்து நின்றால் ஏ.என்.டி நிலையில் இருக்கிறது; ஏ.டி.எஃப் பொத்தானை அழுத்துங்கள். ரேடாருக்கு அடையாளக் குறியீடு அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் நான்கு இலக்கங்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை மட்டும். 8-உம் 9-உம் கிடையாது. அதனால் மொத்தம் 4,096 குறியீடுகள். நிலை ஆல்ட்டில் இருந்தால்தான் உயரமும் சேர்ந்து போகும். அமெரிக்காவில் தானே பார்த்துப் பறப்பவருக்கு 1200, ஐரோப்பாவில் 7000. விளையாட்டுக்குக்கூட 7500-ஐ வாட்சிமில் வைக்காதீர்கள். அது கடத்தல் குறியீடு, அங்கே விதிப்படி தடை.

இப்போது பேனல். லாஜிடெக் ரேடியோ பேனல் (முன்பு சைடெக் பெயரில் வந்தது) இரண்டு வரிசை, இரட்டைக் குமிழ்கள், ஸ்வாப் பொத்தான் எல்லாம் தருகிறது. அமெரிக்காவில் பறப்பவருக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் ஐந்து இலக்கங்கள்தான். 132.010-உம் 132.015-உம் அதில் ஒரே 132.01 ஆகத் தெரியும். ஐரோப்பாவில் அதிகம் பறப்பவருக்கு இது தொல்லைதான். கொஞ்ச நேரத்தில் இந்தப் பேனல் உறைந்துபோனால், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் மின்சிக்கனத்துக்காக அணைக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி ஹப்பில் செருகுங்கள்.

சாலிடரிங் தெரிந்தால் நீங்களே செய்வது நல்லது என்பேன். ஒரு காம் ரேடியோவுக்குத் தேவையானவை: ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ அல்லது மெகா 2560 ஒன்று, ஒரே அச்சில் இரு குமிழ் உள்ள இரட்டை என்கோடர் ஒன்று (கிடைக்காவிட்டால் இ.சி.11 ரகத்தில் தனித்தனியாக இரண்டு), ஸ்வாப்புக்கு ஒரு அழுத்துப் பொத்தான், மேக்ஸ்7219 சில்லு உள்ள எட்டு இலக்கப் பலகை இரண்டு. ஆறு இலக்கம் போதும். புள்ளி இலக்கத்துக்குள்ளேயே எரியும், தனி இடம் கேட்காது. என்கோடருக்கு இரண்டிரண்டு பின், பொத்தானுக்கு ஒன்று, குமிழின் அழுத்தத்துக்கு ஒன்று, காட்சிப் பலகைகளைச் சங்கிலியாக இணைத்தால் இரண்டுக்கும் சேர்த்து மூன்று. ஆக மொத்தம் ஒன்பது பின்கள். மோபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள், நிரல் எழுதாமலேயே இதைச் சிமுலேட்டருடன் கோத்துவிடும்.

பிசகும் இடங்கள் இவை. ஒரு க்ளிக்குக்கு இரண்டு படி நகர்கிறது, அல்லது இரண்டு க்ளிக்குக்கு ஒரு படி: என்கோடர் வகையைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், மோபிஃப்ளைட்டில் அதற்கு ஒரு தேர்வுப் பட்டியலே இருக்கிறது. திசை தலைகீழ்: ஏ, பி கம்பிகளை இடம் மாற்றுங்கள். நடுநடுவே பின்னோக்கித் துள்ளுகிறது: தொடுமுனைகள் அதிர்கின்றன, ஒவ்வொரு கம்பிக்கும் 10 கிலோஓம் மின்தடை, 10 நானோஃபாரட் மின்தேக்கி போட்டால் அடங்கும். காட்சிப் பலகை மங்குகிறது அல்லது குப்பை எழுத்து காட்டுகிறது: மேக்ஸ்7219 எல்லாக் கோடுகளும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் 330 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு பலகை என்றால் 500 மில்லிஆம்பியர் தரும் சாதாரண யு.எஸ்.பி 2 துளைக்கு அது மிகுதி. வெளிச்சத்தைக் குறையுங்கள், சில்லின் மின்கால்களுக்கு அருகே 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் வையுங்கள். எதுவுமே எரியாவிட்டால் பலகையின் உள்வரும் பக்கத்துக்குப் பதில் வெளிச்செல்லும் பக்கத்தில் கம்பி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

என்கோடரை ஜாய்ஸ்டிக் பலகை வழியாக இணைத்தால் வேறொரு சிக்கல். சிமுலேட்டர் ஜாய்ஸ்டிக் பொத்தானை ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும் என்று வையுங்கள். 30 ஃப்ரேமில் அது 33 மில்லிவிநாடி. பலகை அனுப்பும் துடிப்பு 20 மில்லிவிநாடி என்றால் இடையில் விழுந்த க்ளிக்குகள் காணாமல் போகும். துடிப்பை 40, 50 என்று நீட்டினால் ஒன்றும் தவறாது, ஆனால் வேகமாகத் திருகினால் எண் பின்தங்கி ஊர்ந்து வரும். மோபிஃப்ளைட் சிமுலேட்டருக்குக் கட்டளையாகவே அனுப்புவதால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணை நேரடியாக அனுப்பும் நிரலை எழுதுபவர்கள் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் பழைய கட்டளைகளில் கட்டாயம் ஒருமுறை இடிபடுவார்கள். அவை பி.சி.டி வடிவத்தில் எண்ணைக் கேட்கும்: முதல் 1-ஐ விட்டுவிட்டு, 118.30 என்பதை ஹெக்ஸ் 1830 ஆக, அதாவது தசம எண்ணில் 6192 ஆக அனுப்ப வேண்டும். சாதாரண 1830-ஐ அனுப்பினால் அது ஹெக்ஸ் 0726. சிமுலேட்டர் அதை 107.26 என்று படிக்கும். அது காம் பட்டையிலேயே இல்லை. டிரான்ஸ்பாண்டருக்கும் இதே கணக்கு: 1200 வேண்டுமென்றால் 4608. இந்த வடிவத்தில் மூன்றாவது தசமத்துக்கு இடமே கிடையாது என்பதால் 8.33 சேனல்களுக்கு ஹெர்ட்ஸில் அனுப்பும் புதிய கட்டளையைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டரில் பழைய தரவுப்பெயர்கள் 118.30-ஐ 11830 என்று வைத்திருக்கும், 833 என்று முடியும் புதியவை 118300 என்று வைத்திருக்கும். பெயரில் ஹெர்ட்ஸ் என்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். அதே எக்ஸ்-பிளேனில் ஸ்வாப் கட்டளையின் பெயரில் ஸ்டாண்ட்பை என்ற சொல் ஒரு 'பி' குறைந்து 'ஸ்டாண்டி' என்று இருக்கிறது. என்றோ நடந்த எழுத்துப்பிழை, பழைய இணைப்புகள் உடையக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. சரியான எழுத்தில் தட்டினால் உங்கள் பொத்தான் வேலை செய்யாது. பிழையோடுதான் தட்ட வேண்டும்.